இடக்கைக் கிட்டாரின் விளிம்பு

அக்டோபர் 8, புதன்

தியோடர் சாரின் வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. நேற்று சாயங்காலம் கணபதி பஸ் ஸ்டாப் பக்கம் ஸ்கூட்டரோடு விழுந்திருக்கிறார். ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு. "பிரேக்கைப் புடிக்கப் போனேன், கை சொன்ன பேச்சு கேக்கல பரிமளா" என்றார். மழையில் கை வழுக்கியிருக்கும்.

அவருடைய கிட்டார் பட்டறையில் தினமும் என்ன வேலை நடந்தது என்று என்னைக் குறித்து வைக்கச் சொன்னார். அவரால் பேனா பிடிக்க முடியாது. என்னுடைய பழைய அளவு நோட்டு பாதி காலியாகக் கிடந்தது. முன்பக்கமெல்லாம் பிளவுஸ் அளவுகள். பின்பக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன். பதினாறு வருஷம் தையல் கடை நடத்தியவளிடம் வேறு என்ன நோட்டு இருக்கும்?

இன்றைய வேலை: இரண்டு கிட்டார் பைகளுக்கு ஜிப் வைத்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற கிட்டார் ஒன்றுக்கு பைண்டிங் ஒட்டினேன். அய்யாசாமி அண்ணன் இன்னொன்றுக்குப் பாலிஷ் போட்டார். மழை.

அக்டோபர் 10, வெள்ளி

வேலை: பள்ளிக்கூட கிட்டாரின் பைண்டிங்கைச் சுரண்டி மட்டம் செய்தேன்.

பம்ப் கம்பெனியிலிருந்து வந்து சாப்பிடும்போது வீட்டுக்காரர் கேட்டார். "இன்னைக்கு எத்தனை பேக் தெச்சே?"

"பேக் தைக்கலீங்க. பைண்டிங் போட்டேன்."

"நோட்டு பைண்டிங்கா? கிட்டார் கம்பெனில நோட்டு எதுக்கு?"

நாலு வருஷமாக இதே கேள்வி. பை தைக்கத்தான் சார் என்னை வேலைக்கு எடுத்தார், அது உண்மை. ஆனால் மூன்றாவது மாசமே ஒரு கிட்டாரைக் காட்டி, "இந்த ஓரத்துல பட்டை ஒட்டணும், பாக்கறீங்களா?" என்றார். பார்த்ததும் புரிந்துவிட்டது. பிளவுஸ் கழுத்துக்குப் பைப்பிங் வைக்கிற அதே வேலை. கிட்டாரின் மேல்பலகையும் பக்கப்பலகையும் சேருகிற இடம் பச்சை விளிம்பு. அப்படியே விட்டால் ஈரம் ஏறும், இடித்தால் சில்லு பெயரும். அந்த விளிம்பைச் சுற்றி மெல்லிய படி வெட்டி, அதில் ஒரு பட்டையை வளைத்து ஒட்டி, சுரண்டி மட்டமாக்க வேண்டும். காப்புக்குக் காப்பு, அழகுக்கு அழகு. ஒட்டின பட்டை காயும்வரை உடம்போடு இறுகி நிற்கப் பாவாடை நாடாவால் சுற்றிக் கட்டுவது என் யோசனை. அதற்கு முன்னால் சார் பிரவுன் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். "ம்" என்றார். ரசம் இன்னொரு கரண்டி கேட்டார்.

அக்டோபர் 13, திங்கள்

ரெனிட்டாவின் கிட்டாருக்கு என்ன செய்வதென்று இன்று பேச்சு வந்தது.

ரெனிட்டா சென்னைப் பெண், இடக்கைக்காரி. சின்ன வயதில் யாரோ வாத்தியார் கை மாற்றி வாசிக்கச் சொன்னதால் இரண்டு வருஷம் கிட்டாரைத் தொடவே இல்லையாம். இப்போது டிசம்பர் 13 அன்று முதல் தடவையாகத் தனியாக மேடை ஏறுகிறாள். அதற்காகவே சாரிடம் ஒரு இடக்கைக் கிட்டார் செய்யச் சொல்லியிருக்கிறாள். கழுத்தும் பெட்டியும் தயார். பைண்டிங் மட்டும் பாக்கி. பாலிஷ் காய ஒரு மாசம் வேண்டும் என்பதால் நவம்பர் முதல் வாரத்துக்குள் அது முடிந்தாக வேண்டும்.

இதற்குப் பிளாஸ்டிக் பட்டை கிடையாது. முதுகுப் பலகை அறுத்த அதே ஈட்டி மரத்திலிருந்து எடுத்த மரப்பட்டை. கழுத்துக்குப் பக்கத்தில் கை உள்ளே போக வசதியாக ஒரு குடைவு இருக்கும். அந்த இடத்தில் மரத்தைச் சின்னக் கிண்ணத்தின் வாய் அளவுக்கு வளைக்க வேண்டும். பட்டறையில் இருக்கிற அச்செல்லாம் வலக்கைக் கிட்டாருக்குச் செய்தது, இதற்கு உதவாது. சூட்டுக் குழாயில் வைத்துக் கையாலேயே வளைத்தால்தான் உண்டு.

"பிளாஸ்டிக் போட்டுருவோம். அந்தப் பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார் சார்.

"நான் வளைக்கறேன் சார்."

"இது பிளவுஸ் இல்லீங்க பரிமளா."

அய்யாசாமி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு பாலிஷ் துணியை மடித்தார்.

வேலை: பட்டறையைக் கூட்டினேன். இரண்டு தடவை.

அக்டோபர் 14, செவ்வாய்

காலையில் உள்ளே நுழைந்ததும் சார் எட்டு ஈட்டிப் பட்டைகளை என் மேஜையில் வைத்திருந்தார். "மேலுக்கு ரெண்டு, முதுகுக்கு ரெண்டு, நாலு வேணும். எட்டு இருக்கு. அந்தப் பலகைல வேற மிச்சம் இல்ல" என்றார். நேற்றுச் சொன்னதைப் பற்றிப் பேச்சில்லை.

டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். சாருக்கு எப்போதும் அரை டம்ளர்தான் ஊற்றுவேன். இன்று இடது கையில் வாங்கினார். அதிலும் கொஞ்சம் சிந்தியது. பழக்கமில்லாத கை அல்லவா.

அக்டோபர் 17, வெள்ளி

படி வெட்டி முடித்தேன். மூன்று நாள் ஆனது. படி வெட்டுகிற ரவுட்டர் மெஷினைப் பிடித்தபோது மூச்சை அடக்கிக்கொண்டே இருந்தேன் போல, முடிந்ததும் நெஞ்சு வலித்தது. விரலை ஓட்டிப் பார்த்தேன். எங்கேயும் தட்டவில்லை.

குடைவு இல்லாத பக்கத்துக்கு இரண்டு பட்டைகள் வேண்டும். வளைத்தேன். இரண்டுமே முதல் தடவையிலேயே வந்துவிட்டன. சார் பார்த்துவிட்டு, "சரி" என்றார். அவர் "சரி" என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

அக்டோபர் 18, சனி

குடைவுப் பக்கம். ஒன்று உடைந்தது.

மத்தியானம் இன்னொன்று உடைந்தது.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி விடுமுறை முடிந்தது. தையல் கடை இருந்த காலத்தில் தீபாவளிக்கு முந்தின வாரம் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. இந்த வருஷம் அதிரசம் சுட்டேன், பதம் சரியாக வந்தது. ஆனால் அடுப்புப் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் அந்த வளைவுதான் நினைப்பு. "பாகு முறுகுது, எங்க பாத்துட்டு நிக்கற?" என்று வீட்டுக்காரர் சத்தம் போட்டார்.

மூன்றாவது பட்டையும் உடைந்தது. அதே இடம், வெளிப்பக்கம். முதலில் நார் சிலிர்த்துக்கொள்கிறது, பிறகு டிக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் காதிலேயே இருக்கிறது.

சார் தள்ளி நின்று பார்த்தார். அவர் கையைத் தூக்கிச் செய்து காட்ட முடியாமல் நிற்பது எனக்கே கஷ்டமாக இருந்தது. "போதும். மூணு இருக்கறப்பவே நிறுத்திக்கலாம். பிளாஸ்டிக் போட்டா யாரும் கொறை சொல்லப் போறதில்ல."

"ரெண்டு நாள் குடுங்க சார். நல்ல பட்டையைத் தொட மாட்டேன்."

அக்டோபர் 24, வெள்ளி

உடைந்த துண்டுகளை வைத்துக்கொண்டு இரண்டு நாளாக வளைத்துப் பார்க்கிறேன். துண்டு ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளமாவது இருக்கிறது, பழக அது போதும்.

தெரிந்துகொண்டது இது. வளைக்கும்போது உள்பக்கம் சுருங்குகிறது, வெளிப்பக்கம் இழுபடுகிறது. துணியில் குறுக்கு வெட்டாக வெட்டினால் இழுத்த இழுப்புக்கு வரும். மரத்துக்கு அந்த வழி கிடையாது, நார் நேராக ஓடினால்தான் தாங்கும். அப்படியும் வெளிப்பக்கத்து நாரைப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். கழுத்துப் பட்டி விறைப்பாக நிற்க உள்ளே கேன்வாஸ் வைப்போமே, அதுபோல இதற்கு வெளியே வைத்தால்?

எண்ணெய் டின்னை வெட்டி ஒரு விரல் அகலத்துக்குத் தகடு எடுத்தேன். முனைகளில் உள்ளங்கை கிழியாமல் இருக்கத் துணி சுற்றினேன். ஈரத்துணியால் மரத்தை ஒரு தடவை மட்டும் துடைத்தேன். ஊறவிட்டதுதான் இத்தனை நாள் தப்பு. வளைவு வரும் இடத்தில் மட்டும் உள்பக்கமாக லேசாகச் சுரண்டி மெலிதாக்கினேன். பிறகு மரத்துக்கு வெளியே தகட்டை வைத்து, இரண்டையும் சேர்த்துக் குழாயில் அழுத்தினேன். அவசரப்படவில்லை. மரம் தானாகத் தளர்கிற நேரம் ஒன்று இருக்கிறது, அது விரலுக்குத் தெரிகிறது. பாகு பதம் மாதிரி.

துண்டு வளைந்தது. இன்னொன்றும் வளைந்தது. ஐந்து துண்டுகளில் நாலு உடையாமல் வந்தன.

அக்டோபர் 27, திங்கள்

இரண்டு பட்டைகளும் வளைந்துவிட்டன!! ஒன்று மிச்சமும் இருக்கிறது.

சார் பட்டையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அந்தத் தகட்டையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருவத்தெட்டு வருசத்துல எனக்கு இது தோணல" என்றார். அய்யாசாமி அண்ணன் தன் காசில் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கி வந்தார்.

வீட்டில் சொன்னேன். "எண்ணெய் டின்னா? நம்ம வீட்டு டின்னா?" என்றார்.

நவம்பர் 3, திங்கள்

வேலை: நாலு பட்டைகளும் ஒட்டியாகிவிட்டது. இன்று நாடாவை அவிழ்த்துச் சுரண்டினேன்.

பெட்டியின் அடிப்பக்கத்தில் இரண்டு பட்டைகள் சந்திக்கிற இடத்தில் ஒரு மயிரிழை இடைவெளி. குடைவுப் பக்கத்துப் பட்டையில்தான்.

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஈட்டித் தூளும் பசையும் கொழச்சு அடைச்சுருங்க. எல்லாரும் செய்யறதுதான். பாலிஷ் ஏறுனா கடவுளுக்கே தெரியாது."

சரி என்று தூளைக்கூட அரித்து வைத்துவிட்டேன். ஆனால் வளைத்த அன்று அளந்தபோது நீளம் சரியாக இருந்தது. ஒட்டினபோது எப்படிக் குறையும்? பைப்பிங்கில் துணி பத்தாமல் போனால் எங்கேயோ கொசுவம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். நகத்தால் பட்டை முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தேன். கீழ்ப்பக்கத்துப் பெரிய வளைவில் ஒரு இடத்தில் சத்தம் மாறியது. அங்கே பட்டை உடம்போடு உட்காராமல் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. அங்கே தள்ளி நிற்கிற அளவுதான் இங்கே இடைவெளியாக வந்திருக்கிறது. அடைத்தால் இந்த இடம் மறையும். அந்த இடம் இரண்டு கோடை தாங்காது, விட்டுவிடும்.

சாரிடம் சொன்னேன். அவரும் தட்டிப் பார்த்தார்.

"எடுக்கறப்ப ஒடைஞ்சா?"

"இன்னொரு பட்டை இருக்குங்க சார்."

"மேல்பலகை பேந்துட்டா? அதுக்கு இன்னொண்ணு இல்ல."

அரித்து வைத்த தூளைக் குப்பையில் கொட்டினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

என் பழைய சின்ன இஸ்திரிப் பெட்டியை எடுத்துப் போனேன். ஈரத்துணியை மடித்துப் பட்டை மேல் வைத்து, பெட்டியின் மூக்கால் சூடு கொடுத்து, மெல்லிய கத்தியை நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தேன். ஒரு முழத்துக்கு இரண்டரை மணி நேரம். சார் வெளியே போய் நின்றுகொண்டார். அண்ணன் ரேடியோவை அணைத்துவிட்டார்.

பட்டை உடையவில்லை. பலகையில் ஒரு நார்கூடப் பெயரவில்லை. பழைய பசையைச் சுரண்டி எடுத்துப் புதுப்பசை தடவி, பெரிய வளைவிலிருந்து முனை நோக்கி அழுத்திக்கொண்டே வந்து நாடா சுற்றினேன்.

கைவிரல்கள் இப்போதும் சிவந்திருக்கின்றன. பேனா பிடிக்க எரிகிறது.

நவம்பர் 5, புதன்

இடைவெளி இல்லை. எங்கே சேர்த்தேன் என்று எனக்கே தேட வேண்டியிருந்தது.

நவம்பர் 8, சனி

ரெனிட்டா சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாள். ஏதோ கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் வந்தாளாம். சார் கையில் கட்டைப் பார்த்து முகம் வெளுத்துவிட்டது.

"சார், இந்தக் கையோட எப்படி சார்? கிட்டார்?"

"எல்லாம் நல்லபடியா இருக்கும்மா. பாரு."

பாலிஷுக்குப் போகாமல் என் மேஜையில்தான் இருந்தது. அந்தப் பெண் கிட்டாரைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து, விளிம்போடு விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். குடைவில் விரல் நின்றது.

"இந்த இடத்தை எப்படி சார் வளைச்சீங்க?"

சார் என்னைப் பார்க்கவில்லை. "அது... கை உடையறதுக்கு முந்தியே முடிச்சதும்மா" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. கை உடைந்த நேரத்தில் வேறு யாரோ போட்டார்கள் என்றால் அந்தப் பெண்ணுக்குப் பயம் வரும். மேடை ஏறப் போகிறவள். இரண்டு வருஷமாக வருகிற எல்லாரிடமும் தானே போட்டதாகத்தான் சொல்கிறார். யார் போட்டால் என்ன, கிட்டார் நன்றாக இருந்தால் சரி.

வேலை: பைகளுக்குப் பிடி தைத்தேன். ஊசி இரண்டு தடவை உடைந்தது. எனக்கு ஒன்றும் இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

சாருக்குக் கட்டு பிரித்தார்கள். கை மெலிந்திருக்கிறது. மேஜை மேல் வைத்தபோது விரல்கள் நடுங்கின. ஆறு வாரம் கட்டுக்குள் இருந்தால் அப்படித்தான் இருக்கும்.

நவம்பர் 21, வெள்ளி

தந்திகள் கழுத்தின் மேல்முனையில் உட்கார ஒரு எலும்புத் துண்டில் ஆறு காடி போட வேண்டும். சார் எங்கள் இருவரையும் டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். பட்டறையில் குடையை மறந்தது ஞாபகம் வந்து பாதி வழியில் நான் மட்டும் திரும்பினேன். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வலது கையில் அரத்தைப் பிடித்திருந்தார். இடது கையால் அந்த வலது கையைப் பிடித்திருந்தார். இரண்டும் நடுங்கின. எலும்புத் துண்டு கீழே விழுந்தது. அவர் அதை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

உள்ளே போனேன். துண்டை எடுத்து மேஜையில் வைத்து, பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "எத்தனை ஆழம்னு சொல்லுங்க சார், நான் போடறேன்." ஒவ்வொரு காடிக்கும் அளவு சொன்னார். ஆறும் முடிந்தது. டீக்கு நான் மறுபடி போகவில்லை.

இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். போன சித்திரையிலிருந்தே எனக்குத் தெரியும். டம்ளர் அரையாக ஊற்ற ஆரம்பித்தது அப்போதுதான். இது கட்டினால் வந்த நடுக்கம் இல்லை. அன்று ஸ்கூட்டரோடு விழுந்ததும் மழை வழுக்கியதால் இல்லை.

நவம்பர் 24, திங்கள்

பாலிஷ் எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று பார்க்கச் சார் நோட்டைக் கேட்டார். நானே சொல்கிறேன் சார் என்றேன். "இல்ல, குடுங்க" என்றார். வேலை நோட்டு, அவர் எழுதச் சொன்னது. என்ன சொல்லி மறுப்பது? கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 26, புதன்

நோட்டு திரும்பி வந்தது. மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நவம்பர் 8 அன்று எழுதிய "எனக்கு ஒன்றும் இல்லை" என்ற கடைசி வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறார். கோடு நேராக இல்லை.

டிசம்பர் 6, சனி

ரெனிட்டா கிட்டாரை வாங்க வந்தாள். மழை கொட்டியதால் என்னை அழைத்துப்போக வீட்டுக்காரர் மாருதி வேனோடு வந்து வாசலில் நின்றார். "உள்ள வாங்க, நனையாதீங்க" என்று சார் அவரையும் உட்கார வைத்தார்.

அந்தப் பெண் வாசித்தாள். எனக்குச் சங்கீதம் தெரியாது. அடித்தந்தி அதிரும்போது மேஜையில் இருந்த என் கத்தரிக்கோலும் சேர்ந்து அதிர்ந்தது, அவ்வளவுதான் தெரியும். வாசித்து முடித்துக் கிட்டாரை மடியில் சாய்த்து, மறுபடியும் அந்தக் குடைவில் விரலை வைத்தாள்.

"சார், இந்த இடத்துலதான் சார் என் கண்ணு போகுது. எப்படி சார்..."

"அது நான் பண்ணலம்மா" என்றார் சார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கு உன்கிட்ட பொய் சொன்னேன். என் கையில நடுக்கம் இருக்கு. கட்டுப் போட்டதால வந்ததில்ல, ரெண்டு வருசமா இருக்கு. இந்தப் பட்டறைலேர்ந்து போற கிட்டாருக்கெல்லாம் ரெண்டு வருசமா பைண்டிங் போடறது இவங்கதான். பரிமளா. உன்னோடதுக்கு அச்சு கிடையாது. இவங்க கையாலேயே வளைச்சாங்க. ஒட்டுனது ஒரு மயிரிழை சரியில்லன்னு, நான் போதும்னு சொல்லியும், பிரிச்சுத் திரும்ப ஒட்டுனாங்க. எனக்கு அந்தத் தைரியம் இருந்திருக்காது."

சொல்லிக்கொண்டிருக்கும்போது கைகளை மறைக்காமல் மேஜை மேலேயே வைத்திருந்தார். நடுங்கிக்கொண்டிருந்தன.

ரெனிட்டா எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நான் எதுவும் சொல்லத் தெரியாம நிக்கறேன்க்கா. நீங்க கச்சேரிக்கு வரணும்." பிறகு சாரிடம் போய், "நீங்களும் வரணும் சார்" என்றாள். அவருடைய கண் கலங்கியிருந்தது. அண்ணன் மூக்கைச் சிந்தினார்.

நான் என்ன செய்தேன்? "குடைவுல வேர்வை பட்டா மெல்லிய துணியால தொடைச்சிரும்மா, ஈரம் நிக்கக் கூடாது" என்றேன். அதுதான் சொல்ல வந்தது.

சரவணம்பட்டி சிக்னலில் வேன் நின்றபோது வீட்டுக்காரர் கேட்டார்.

"அந்த ஓரம் பூரா நீ போட்டதா?"

"ஆமாங்க."

"நான் வெரல வெச்சுப் பாத்தேன். எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னே தெரியல." சிக்னல் விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் வண்டியை எடுக்கவில்லை. "பம்ப் கம்பெனில நாங்க அரை நூல் வித்தியாசம் வந்தாலும் பாஸ் பண்ணிருவோம் பரிமளா."

டிசம்பர் 13, சனி

சென்னை போகவில்லை. சாருக்கு டாக்டரைப் பார்க்கிற நாள் இன்று. எனக்குப் பட்டறையில் இரண்டு கிட்டார்கள் காத்திருக்கின்றன. ரெனிட்டா மேடையில் நிற்கிற போட்டோ ஒன்று வந்தது. கிட்டாரைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விளிம்பில் விளக்கு வெளிச்சம் ஒரே கோடாக ஓடியிருந்தது.

டிசம்பர் 17, புதன்

டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். நடுக்கம் குறையும், முழுசாகப் போகாது என்றாராம். சார் அதைச் சாதாரணமாகச் சொன்னார். இனிமேல் மரம் தேர்ந்தெடுப்பதும், பலகையைத் தட்டி நாதம் பார்ப்பதும் அவர். நுணுக்கமான கைவேலை நான். அப்படி அவரே பிரித்தார்.

பதினோரு மணிக்கு பெங்களூரிலிருந்து ஒரு கிட்டார் செய்கிறவர் கூப்பிட்டார். ரெனிட்டாவின் கிட்டாரைப் பார்த்தாராம். தான் செய்த ஒன்றுக்கு மரப்பட்டை போட்டுத் தர முடியுமா, எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். சார் பாதியிலேயே, "அதை என்கிட்ட கேக்காதீங்க" என்று போனை என்னிடம் நீட்டினார்.

குடைவு எத்தனை ஆழம், என்ன மரம், நார் எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மூன்று வாரம் ஆகும் என்றேன். இரண்டில் முடியாதா என்றார். முடியாது என்றேன்.

"சரி, அனுப்பறேன். நீங்க யாரு பேசறீங்க?" என்றார்.

"பரிமளாங்க. பைண்டிங் போடறது நான்தான்" என்றேன்.